உலுவா

இயந்திரம் செத்த கப்பல் ஒன்று
மாரி தொடங்கும்போது உள்துறைமுகத்தில் வந்து கிடந்தது.
அதன் சமையற்காரன்
ஒரு மதியம் கிண்ணியாப் பாலத்தடியில்
என் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து
நான் வைத்த சோற்றை மெல்ல விலக்கிவிட்டு
ஹுல்பா, ஹுல்பா என்றான்.

ஏமன்காரன். ஹுதைதா ஊராம். பேர் ஷவ்கி.
மீனைக் காட்டினேன். முட்டையைக் காட்டினேன்.
இல்லை என்று நாக்கைத் தட்டினான்.
மதறஸாவில் ஓதிய அறபு
கடையில் ஒன்றுக்கும் உதவவில்லை.
சொர்க்கத்தில் தேனாறு ஓடுவதைச் சொல்லத் தெரியும்,
உள்ளி வேணுமா என்று கேட்கத் தெரியாது.

கடைசியில் அவனே அலுமாரியை எட்டிப் பார்த்து
ஒரு போத்தலை இறக்கினான்.
உலுவா.
அட பாவி,
இதைத்தானா இவ்வளவு நேரமும்
சரியாகச் சொல்லிக்கொண்டு நின்றாய்!

இடித்து ஊறப்போட்டான்.
விடிய வந்து கசப்புத் தண்ணியை வடித்து வீசி
வெறுங்கையால் அடித்தான்,
அடித்தான்,
பாலத்தில் மூன்று பஸ் போகும்வரைக்கும் அடித்தான்.
மஞ்சள் வெளுத்து, நுரைத்து,
கோப்பையைவிட்டு எழும்பியது.
தக்காளி, பச்சைக் கொச்சிக்காய், உள்ளி, மல்லி இலை
அம்மியில் அவனே அரைத்தான்.
அது சஹாவிக்.

கற்சட்டி கேட்டான். தயிர் வந்த மண்சட்டிதான் இருந்தது.
முதலாவது வெடித்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதாய் என் கறிச்சட்டி தாங்கியது.
இறைச்சி ஆணம் துள்ளிக் கொதிக்கையிலேயே
நுரையை மேலே ஊற்றி
ஓடி வந்து மேசையில் வைத்தான்.

சல்தா.
அங்கே மத்தியானச் சாப்பாடு இதுதானாம்.
கரண்டி இல்லையாம், ரொட்டியால் கோலி எடுப்பதாம்,
எல்லாருக்கும் ஒரே சட்டியாம்.
ஆறினால் அது சாப்பாடே இல்லையாம்.
சவர்க்கார நுரை என்றார் என் புருஷன் ஜவ்பர்.
அடிச்சட்டியை வழித்ததும் அவர்தான்.

இன்னொரு நாள் என் ஆப்பத்தைக் கண்டு
சத்தமாய்ச் சிரித்தான்.
லஹூஹ் என்றான்,
கண்கண்ணாய் வெந்த பக்கத்தை விரலால் தடவி.
மூதூர் எருமைத் தயிரில் புதினா அடித்து ஊற்றி
ஆப்பத்தை அமிழ்த்தி மூடிவைத்தான்.
நோன்பு திறக்கிற நேரத்துப் பண்டமாம்.
எனக்கென்னவோ
பழஞ்சோற்றுக்குத் தங்கச்சிபோலப் பட்டது.

உங்கள் ஊர்க் கோப்பி பேர்போனதாமே என்று கேட்டேன்.
தொலைபேசியில் தட்டித் தட்டிக் காட்டினான்:
கொட்டை கப்பலுக்குப் போகும்.
கோதை இஞ்சி போட்டுக் காய்ச்சி நாங்கள் குடிப்போம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பில் இறால் தலை ஆணம் கொதித்தது.
உடம்பெல்லாம் விடியவே
கொழும்பு லொறியில் ஏறியிருந்தது.

வீட்டில் இப்ப என்ன சமையல்?
அதை நான் கேட்டிருக்கக் கூடாது.
ரொட்டி, தேத்தண்ணி என்றான்.
கொஞ்சம் பொறுத்து, தேத்தண்ணி, ரொட்டி என்றான்,
இரண்டு சாப்பாடுபோல.
எனக்கும் அந்தச் சமையல் தெரியும்.
மூதூரிலிருந்து பெயர்ந்து வந்து
பள்ளிக்கூட மேசைகளில் படுத்த நாட்களில்
அதைத்தான் ஆக்கினோம்.

மறுகா ஒரு நாள்
இயந்திரத்துக்கு உதிரி வந்துவிட்டதாம்.
சொல்லிக்கொள்ள அவன் வரவில்லை.
ஏஜென்ட் கந்தோர்ப் பொடியன் ஒருவன்
கடன் காசைக் கொண்டு வந்தான்.
கொப்பியோடு வைத்து எண்ணினேன்,
இருநூற்றைம்பது ரூபாய் கூட.
திரும்ப எண்ணினேன்.
பிறகுதான் விளங்கியது
நான் எழுதாமல் விட்ட
அந்த இரண்டு சட்டி.

வியாழக்கிழமைகளில் உலுவா அடிக்கிறேன்.
தோள் நோகுது. நுரை அவனுடையதில் பாதிதான்.
நேற்று ஒரு லொறிக்காரப் பொடியன் முகம் சுழித்து
இதென்னகா, பச்சையாய்ப் பொங்குது என்றான்.
ஆறமுன்னம் தின்னு,
மறுகா சொல்லுறன்
என்றேன்.